ஆஸ்பத்திரி வாசல் கஞ்சியும் இரண்டு பூப்பொட்டலமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷங்களைக் கழித்துவிட்டேன். தாள் வாங்கி வைப்பேன். சில நாள் கழித்துப் பார்த்தால் வீட்டுக்காரி அதில் மிளகாயை மடித்து வைத்திருப்பாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. தயங்கியதற்கு அது காரணமில்லை. எழுதினால் பெரிய மனிதர்களைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். நான் செய்த காரியம் ஒன்றையும் சேர்த்து எழுதியாக வேண்டுமே என்று இன்னொரு பயம். முதல் பயம் வயதாக ஆகக் குறைந்தது. இரண்டாவது குறைகிற வழியாக இல்லை. சரி, எழுதித்தான் இறக்கி வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் இல்லாமலே விஷயம் விளங்கும்.

பைகாரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்த புதிது. திரும்பிய பக்கமெல்லாம் மில் புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்தன. மார்க்கெட்டுப் பக்கத்தில் எனக்கு ஒரு கயிறு, சாக்குக் கடை. காலையில் குளித்துத் திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடைச் சாவியைத் தொடுவேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஜட்கா வண்டி ஓட்டினார். அவர் வண்டி நிற்கிற இடம் ஆஸ்பத்திரிக்கு எதிரில்.

பொள்ளாச்சி, தாராபுரம், மதுக்கரை என்று நாலா பக்கமிருந்தும் நோயாளிகளை வண்டியில் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். உள்ளே படுத்திருப்பவருக்கு ரொட்டியும் பாலும் உண்டு. கூட வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. கட்டுச்சோறு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் தன் தாயார் மென்று போட்ட ரொட்டிக் கரையை ஒரு ஆள் துடைத்துத் தின்றதை மச்சான் பார்த்துவிட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடாமலே கைகழுவினார் என்று என் வீட்டுக்காரி சொன்னாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். நாங்கள் ஐந்து பேர். மச்சான், நான், அவருடைய ஜட்கா சிநேகிதர்கள் இருவர், அப்புறம் தாராபுரத்து அக்கா. அக்கா புருஷனை இழந்தவர். கல்யாண வீடுகளில் சமைத்துப் பழகிய கை, அதற்கேற்ற குரல். எங்கள் கூட்டத்துக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. தினமும் மத்தியானம் மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு வேப்பமரத்தடியில் கஞ்சி ஊற்றுவோம். அவ்வளவுதான் எங்கள் தர்மம்.

கஞ்சிக்குத் தானியம் பிடி அரிசியாக வந்தது. எங்கள் பேட்டையிலும் சுற்றுவட்டத்திலும் வீட்டுக்கு ஒரு கலயம் கொடுத்திருந்தோம். உலை வைக்கும்போது சாமியை நினைத்து ஒரு பிடி அதில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை நான் சாக்கோடு போய் வாங்கி வருவேன். அரிசி சாப்பிடுகிற வீடு அரிசி போடும். கம்பு வீடு கம்பு, ராகி வீடு ராகி, சாமை வீடு சாமை. ரயில் ரோட்டுக்கு அப்பால் பண்ணை வேலை செய்கிற கிறிஸ்தவக் குடும்பங்களின் வீதி ஒன்று இருந்தது. அவர்களும் கலயம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் ஒரே சாக்கில் விழும். அதைப் பிரித்துப் புடைத்து ஒரே பதத்தில் வேக வைக்க அக்கா ஒருவரால்தான் முடியும்.

அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் தோள் வலிக்கும். பாதி நாள் கடை அடைப்பு. நாய்கள் எல்லாம் என்னை அடையாளம் வைத்திருந்தன. "போன வாரந்தானுங்களே போட்டேன்" என்பார் ஒரு அம்மாள், வாராவாரம். "அட, பிடியரிசி வந்துருச்சு" என்று பிள்ளைகள் கத்தும். எனக்கே என் பெயர் மறந்துவிடும் போலிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பெரிய சங்கம் எங்களைக் கண்டுகொண்டது.

அது மில் முதலாளிகளும் வக்கீல்களும் சேர்ந்து நடத்திய தர்ம சங்கம். சொந்தக் கட்டடம், அநாதை இல்லம், வாசகசாலை எல்லாம் உண்டு. அதன் காரியதரிசி ஒரு நாள் மோட்டாரில் வந்து இறங்கி, எங்கள் கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நல்ல மனிதர். முகம் சுளிக்கவில்லை. "இத்தனை நாளா எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே" என்று வருத்தப்பட்டு, எங்களைச் சங்கத்துக்கு வரச் சொன்னார்.

ஐந்து பேரும் போனோம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தோம். தலைக்குமேல் மின்சார விசிறி சுற்றியது. மச்சான் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க மச்சான்?" என்றேன் மெல்ல.

"கழண்டு உழுந்தா மொதல்ல யாரு மேல உழுகும்னு பாக்கறனுங்க மாப்ளே."

காரியதரிசி ஒரு தாளைப் படித்தார். மாதாமாதம் ரங்கூன் அரிசி மூட்டைகளும் பருப்பும் வரும். பெரிய அண்டா வரும். தகரக் கொட்டகை போட்டுத் தருவார்கள். அதற்குப் பதிலாகச் சில ஏற்பாடுகள். சங்கத்தின் போர்டு மாட்ட வேண்டும். கஞ்சி வாங்குகிறவர்கள் சங்கத்தின் சீட்டு வைத்திருக்க வேண்டும். சங்கத் தலைவரான அக்கிராசனர் வந்து பார்வையிடுவார். பிடி அரிசியை நிறுத்திவிட வேண்டும்.

"அது எதுக்குங்க நிறுத்தறது?" என்றார் அக்கா.

"எங்க சங்கம் பேரு போட்ட எடத்துக்கு ஊடு ஊடாப் போயிப் பிடி கேட்டா, எங்க அக்கிராசனரே கையேந்தறாப்புல ஆயிருமுங்க அம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க."

"சீட்டு எங்கீங்க கிடைக்கும்?" என்றார் மச்சான்.

"இங்கதானுங்க. காலைல பத்து மணிக்குள்ள வந்தா குடுத்துருவோம்."

ஆஸ்பத்திரி ஊரின் ஒரு கோடி. சங்கம் இன்னொரு கோடி. எங்கள் எல்லோருக்கும் அது மனசில் பட்டது. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் கொடுக்கிறவர், இந்தப் பக்கம் வாங்குகிறவர்கள். கை வைத்தால் ரேகை பதிகிற மாதிரி மேஜை வழவழவென்று இருந்தது. "வேற ஏதாச்சும் கேக்கோணுங்களா?" என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கேட்பதற்கு எங்களிடம் எவ்வளவோ இருந்தது. அந்த விசிறிக்கடியில் ஒன்றும் வாயில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம்.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. அக்காவும் மச்சானும் வேண்டாம் என்றார்கள். ஜட்காக்காரர்களில் ஒருவர் வேண்டும் என்றார், இன்னொருவர் எல்லோருக்கும் தலையாட்டினார். நான் வேண்டும் என்ற பக்கம். மூன்று நாள் பேசியும் தீரவில்லை. கடைசியில், சாமியிடம் பூக் கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும், பெண் எடுக்கவும், இடம் வாங்கவும் பூக் கேட்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததை மட்டும் பிரிப்பார்கள். மற்றது பிரிக்காமல் கிணற்றில் போய்விடும்.

பொட்டலம் மடிக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "மாப்ளே கைதானுங்க சுத்தம். சாமிகிட்டத் தப்பு நடக்காது" என்றார் மச்சான்.

நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்தேன்.

எழுதிவிட்டேன். நந்தியாவட்டை ஒரு கூடை பறித்து வைத்திருந்தேன். செவ்வரளிச் செடி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. முதல் பொட்டலத்தை மடித்தேன். இரண்டாவது இலையை எடுத்தபோது தோளில் ஒரு சுளுக்கு இழுத்தது. நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். மூட்டை மூட்டையாக வெள்ளை அரிசி வந்தால் இன்னும் எத்தனை பேர் வயிறு நிறையும் என்று நினைத்தேன். முருகனுக்குப் பிடிக்கவில்லை என்றால் என் கையைத் தடுக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் தடுக்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

கோயிலில் ஒரு அம்மாள் இடுப்பில் வைத்திருந்த பெண்குழந்தை பொட்டலத்தை எடுத்தது. எடுத்ததும் வாயில் வைத்துக் கடித்தது. பிடுங்கிப் பிரித்தால் வெள்ளை. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியே சொன்னப்புறம் நாம யாருங்க" என்றார். மற்ற பொட்டலத்தை நானே கிணற்றில் போட்டேன்.

அந்த வாரமே வீடு வீடாகப் போய், சாமி வெள்ளைப் பூக் கொடுத்துவிட்டார், இனிமேல் பிடி வேண்டாம் என்று சொல்லிக் கலயங்களைத் திரும்ப வாங்கினேன். சிலருக்கு முகம் வாடிவிட்டது. "நாங்க போட்ட பிடி புளிச்சுப்போச்சுங்களாக்கும்" என்றார் ஒரு அம்மாள். பெரும்பாலோர் தேங்காய் உடைத்து, வேண்டுதலை முடித்துக்கொண்டு, கலயத்தை மஞ்சள் பூசிக் கொடுத்தார்கள். ரயில் ரோட்டுக்கு அப்பால் நடக்கச் சோம்பல்பட்டு, அந்த வீதிக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

போர்டு வந்தது. கொட்டகையை விடப் போர்டு பெரியது. அதை மாட்டியதும் முன்பக்கக் கால் ஒன்று சாய்ந்து, முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அண்டாவும் அரிசியும் வந்தன. முதல் இருபது நாள் சந்தோஷமாகத்தான் போயிற்று. வெள்ளிக்கிழமை நான் கடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன்.

பிறகு சீட்டு ஆரம்பித்தது. சங்கத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்து மேஜை போட்டு உட்கார்ந்தார்.

அப்போது பொள்ளாச்சிக்குத் தெற்கேயிருந்து வந்த ஒரு பெண் தினமும் கஞ்சிக்கு வருவாள். அவள் புருஷன் தென்னை ஏறுகிறவர். விழுந்து தொடையெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கை. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கவும் தண்ணீர் கொடுக்கவும் அவள் ஒருத்திதான். நாள் முழுவதும் அவள் சாப்பிடுவது எங்கள் கஞ்சி ஒன்றுதான். ஓட்டமாக வந்து போசியில் வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவாள்.

அவளிடம் குமாஸ்தா சீட்டுக் கேட்டார்.

"சீட்டு வாங்கப் போனா அவரை யாருங்க திருப்பிப் போடறது? உங்க சீட்டு வந்து திருப்புமுங்களா?"

"எனக்குச் சொன்னதைத்தானம்மா நான் செய்யறேன்."

"செய்யுங்க. நானும் எனக்குச் சொன்னதைத்தான் செய்யறேன். வகுறு சொல்லுச்சு, வந்தேன்."

குமாஸ்தா மேஜைமேல் இருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடிக்கஞ்சியைச் சுரண்டுகிற மாதிரி அக்கா நிறையவே ஊற்றிக் கொடுத்தார். இப்படியே சில நாள் ஓடியது.

அக்கிராசனர் வருகிற நாள் வந்தது. முதல் அகப்பையை அவர் ஊற்றுவதாக ஏற்பாடு. சங்கு ஊதியது. மோட்டார் வரவில்லை. வேறு ஏதோ திறப்பு விழாவில் தாமதமாம். கஞ்சி தயார், ஜனங்களும் தயார், அண்டாவுக்குப் பூமாலை போட்டு நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

அந்தப் பெண் போசியை நீட்டினாள். "ஊத்துங்கக்கா, நான் போவோணும்."

"ரவ பொறு கண்ணு. பெரியவரு வந்து அகப்பையைத் தொடோணுமாமா."

"அவருக்கும் பசிங்களா?"

"அவரு உண்டுபோட்டுத்தான் வருவாரு."

"அப்பறம் எதுக்குங்க அவருக்காக நாங் காயோணும்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் குமாஸ்தாவைப் பார்த்தேன். குமாஸ்தா ரோட்டைப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறும் போசியோடு உள்ளே போய்விட்டாள். மூன்று மணிக்கு மோட்டார் வந்தது. அக்கிராசனர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார், மனசாரத்தான் கேட்டார். கஞ்சி ஆறிக் கட்டியாகிவிட்டிருந்தது. அவளுக்கு எடுத்து வைத்ததைக் கொண்டு போனால், அந்த வேளையில் வார்டுக்குள் எங்களை விடவில்லை.

அன்று கடைக்குப் போய் வெற்றிலை போட முடியவில்லை.

இதற்குள் பெரிய சங்கத்தில் இன்னொரு யோசனை. பிரசவத்துக்கென்று ஒரு வார்டு கட்டப் போகிறார்கள். கையிருப்பெல்லாம் அதற்கு வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காரியதரிசி தானே வந்து சொன்னார். "வர்ற திங்கக்கெழமையிலிருந்து அரிசி வராதுங்க. எனக்கே சங்கடமாத்தான் இருக்குது. அண்டாவுக்கும் போர்டுக்கும் வண்டி அனுப்பறோம். போர்டை மட்டும் பத்தரமா வெச்சிருங்க."

"போர்டு பத்தரமா இருக்குமுங்க. இந்தச் சனத்தை எங்கீங்க வெக்கறது?" என்றார் மச்சான். காரியதரிசி மோட்டாரில் ஏறினார். அவர் கையிலும் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாளே மச்சானும் என் வீட்டுக்காரியும் பழைய கலயங்களை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். எல்லாக் கலயமும் அப்படியே திரும்பி வந்தது.

"யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்றாள் வீட்டுக்காரி. "சாமி நிறுத்தச் சொல்லி வெள்ளைப் பூக் குடுத்துச்சே, மறுபடி போட்டா தெய்வகுத்தமாயிராதான்னு கேக்கறாங்க. கேக்கறதும் நாயந்தானுங்களே."

"மறுபடி பூக் கேட்டுப்போடலாம்" என்றார் மச்சான். "நீங்களே மடிச்சுருங்க மாப்ளே."

திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பெண் போசியோடு வந்து நிற்பாள். நான் முருகன் வாயில் வைத்த பொய்தான் அவள் கஞ்சிக்கு நடுவில் நின்றது. மறுபடி மடித்து, நிஜமாகவே சிவப்பு வந்துவிட்டால்? சிவப்பு வரக்கூடாதென்று இன்னொரு தடவை இரண்டும் வெள்ளையாக மடிப்பதா?

மச்சான் போனபின் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

களைந்த தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தரம் களைந்தாள். "அன்னைக்குக் கோயிலுக்குப் போறப்ப உங்க நெத்தீல திருநீறு என்ன பட்டையா இருந்துச்சு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மச்சானிடமும் போய்ச் சொன்னேன். அவர் குதிரையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கை நிற்கவில்லை. "நாஞ் செவப்பு வரோணும்னு வேண்டிக்கிட்டு நின்னேனுங்க. இல்லாத பூவுக்கு வேண்டியிருக்கறேன்" என்றார். நான் போகத் திரும்பியபோது, "எங்கீங்க போறீங்க? பூசாரிகிட்டத் தனியாப் போயி அடி வாங்கப் போறீங்களா, இருங்க வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

பூசாரி அடிக்கவில்லை. பரிகாரம் கேட்டேன். பாலாபிஷேகம், அங்கப்பிரதட்சிணம் எதற்கும் தயாராக இருந்தேன்.

"பொய் சொன்னது நீங்க. சாமி ஒண்ணுமே சொல்லலீங்க" என்றார். "அதை எந்தெந்த ஊட்டுல போயிச் சொன்னீங்களோ, அந்தந்த ஊட்டுக்குப் போயி மாத்திச் சொல்லிப்போடுங்க. அப்பறமா வந்து கும்பிடுங்க."

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். மச்சான் கலயக் கூடையோடு பின்னால் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சுப்போட்டனுங்க. சாமி பிடியை நிறுத்தச் சொல்லலீங்க" என்றேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் சிரித்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை என்று மச்சான் சொன்னார். புளிச்சுப்போச்சா என்று கேட்ட அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்க பேச்சை இனி நம்ப மாட்டனுங்க. கலயத்தை வெச்சுட்டுப் போங்க" என்றார். சிலர் வாங்கிக்கொண்டார்கள். பலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வாங்கிய கலயமும் நிறைய ஒரு வாரமாகும். திங்கட்கிழமைக்கு அடுப்பில் போட ஒன்றும் சேரவில்லை.

ரயில் ரோட்டுக்கு அப்பால் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பூசாரி சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கும் பொய்யைச் சொல்லி அனுப்பியவன்தானே. போனேன். முதல் வீட்டில் ஒரு அம்மாள் ராகியை முறத்தில் போட்டு வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். நான் முழுக்கதையையும் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார்.

"சொல்லி அனுப்பினீங்க, வந்து சேந்துச்சுங்க. பூ குடுத்தது உங்க சாமி. எங்களுக்கு அது ஒண்ணுஞ் சொல்லலீங்களே. அதனால நாங்க நிறுத்தலீங்க" என்றார். "நீங்கதான் வாங்கிட்டுப் போகவே வரலீங்க. வண்டு உழுகாம நாங்க காயப்போட்டுக் காயப்போட்டு எடுத்து வெக்கறோம். எப்பத்தானுங்க வருவீங்க?"

அந்த வீதியில் எல்லா வீட்டிலும் கலயம் நிரம்பி, பானையும் நிரம்பியிருந்தது. அந்தப் பக்கத்திலேயே கூலி குறைந்த வீதி அது. மச்சான் வண்டியைக் கொண்டுவர ஓடினார். நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தயங்குவது தெரிந்தது. நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். அதுவரை அந்த வீதியில் நான் தண்ணீர் குடித்ததில்லை.

திங்கட்கிழமை அக்கா தன் பழைய பானையில் ராகிக் கஞ்சி காய்ச்சினார். மேஜை இல்லை, குமாஸ்தா இல்லை. சங்கு ஊதியதும் அந்தப் பெண் ஓடி வந்தாள். ஒரு போசி குடித்தாள். இன்னொன்று வாங்கிக் குடித்தாள். அவளுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. "கல்லு ரெண்டு கிடக்குதுங்கக்கா" என்று அக்காவிடம் குறை சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே வார்டுக்கு ஓடினாள். இரண்டு மாதம் கழித்துப் புருஷனைக் கோலோடு நடத்திக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினாள்.

பெரிய சங்கத்தார் பிரசவ வார்டைக் கட்டி முடித்தார்கள். நல்ல வார்டு. என் மகளுக்கே அங்கேதான் பிள்ளை பிறந்தது.

இப்போது இந்தக் கதையை எங்கள் பேட்டையில் வேறு மாதிரி சொல்கிறார்கள். முருகன் என் கனவில் வந்து கண்டித்தாராம். கிணற்றில் போட்ட பொட்டலம் சிவப்பாக மிதந்ததாம். அக்கிராசனர் ஏழைகளை வைதாராம். ஒன்றும் நடக்கவில்லை. கனவு வரவில்லை, பொட்டலம் மூழ்கிவிட்டது, அக்கிராசனர் யாரையும் வையவில்லை. படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: நாலு பேருக்குச் சொல்லுங்கள், தர்மம் நடத்துகிறவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். சொல்லும்போது சங்கத்தாரைக் கெட்டவர்களாக்க வேண்டாம், என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். ரயில் ரோட்டுக்கு அப்பால் இருந்தவர்களை விட்டுவிடவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.